மூடா ஆறும் ஊராட்சி எல்லைகளும்

ஐக்கிய நாட்டுச் சபை 2015ஆம் ஆண்டில் ஏற்ற நிலைபேற்று மேம்பாட்டு இலக்குகள் 17. அவற்றைப் பற்றி மாணவர் எழுதும் கட்டுரைகளைத் திருத்தும்போதெல்லாம் ஒரு குறை என் கண்ணில் படும். ஆறுகளைக் காப்போம் என்று எழுதுவர். எந்த ஆறு, யார் காப்பது என்று எழுதார். நாம் அவர்கள் கையில் கொடுக்கும் மாதிரிக் கட்டுரைகளும் அப்படித்தான் இருக்கின்றன.

கெடாவின் தென்பகுதியில் வாழும் நமக்கு ஆறு என்றால் மூடா ஆறு. உலு மூடாக் காடுகளில் தோன்றி, பாலிங் வட்டார மலைநீரைக் கெட்டில் ஆற்றின் வழியே ஏற்று, கடைப்பகுதியில் கெடாவுக்கும் பினாங்கு மாநிலத்திற்கும் எல்லையாக ஓடிக் கடல் சேர்கிறது. வடகரையில் சுங்கைப் பட்டாணி நகராண்மைக் கழகம். தென்கரையில் செபராங் பிறை மாநகராண்மைக் கழகம். மேலே பாலிங் மாவட்ட மன்றம். பினாங்கு மக்களின் குடிநீரில் பெரும்பங்கு இவ்வாற்று நீரே. எல்லை கடந்த ஒத்துழைப்போடு நீர்வளத்தை ஒருங்கே பேண வேண்டும் என்கிறது 6ஆம் இலக்கின் ஒரு பிரிவு. நம் ஆற்றை எண்ணி எழுதியதுபோல் இருக்கிறதன்றோ?

ஆயினும், ஊராட்சிகள் கைகோத்தால் போதும் என்று பேசுவோர் ஓர் உண்மையை விட்டுவிடுகின்றனர். நியூயார்க் நகரமும் ஜப்பானின் கித்தாக்கியூசூ நகரமும் 2018இல் இவ்விலக்குகள் குறித்துத் தம் அறிக்கைகளைத் தாமே வெளியிட்டன. அந்நகரங்களின் மேயர்களை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். நம் நாட்டிலோ ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டியது. நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. உலு மூடாவில் மரம் வெட்டலாமா என்று முடிவு செய்ய எந்தக் கழகத்தாலும் இயலாது. ஆற்று நீருக்கு விலை கேட்டது கெடா அரசு. மறுத்தது பினாங்கு அரசு. இவ்வழக்கில் ஊராட்சிகள் வெறும் பார்வையாளர்களே.

தோட்டத்து நிலை இன்னும் இடுக்கானது. தனியார் நிலம் என்பதால் அங்குள்ள குப்பையும் வடிகாலும் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவே விடப்பட்டன. லயத்து வாய்க்கால் நீரும், செம்பனைக்கு இட்ட உரத்தில் மழை கரைத்த பங்கும் பக்கத்து ஓடைக்குத்தான் போகின்றன. 2022 ஜூலை 4ஆம் நாள் குனோங் இனாஸ் மலையிலிருந்து பெருகிய வெள்ளம் பாலிங் மாவட்டத்துக் கூப்பாங்கில் மூவரின் உயிரைப் பறித்தது. அவ்விடத்து நீரும் இறுதியில் மூடாவில்தான் கலக்கிறது.

ஆதலால் புரிந்துணர்வுக் கையொப்பங்கள் போதா. இரு மாநிலங்களும் மத்திய அரசும் ஊராட்சிகளும் ஒருங்கே அமரும், சட்ட அதிகாரமுள்ள ஆற்று வாரியம் ஒன்று வேண்டும். அதில் தோட்டத்து மக்களுக்கும் இடம் கேட்பது மிகையன்று. உள்ளூர் மக்களின் பங்கேற்பை அந்த 6ஆம் இலக்கின் கடைசிப் பிரிவே கோருகிறது.