அரங்கியற் பட்டமும் அதன் விலையும்

சென்ற ஆண்டு, க.பொ.த. உயர்தரத்துக்குப் பாடந் தெரியும் நாட்களில், தோட்டக் கூலியான ஒரு தந்தை தம் மகளையும் கூட்டிக்கொண்டு எம்மிடம் வந்தார். "சேர், இவள் நாடகமும் அரங்கியலும் எடுக்கப் போறாளாம். கம்பசிலையும் அதையே படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள். அது சோறு போடுமோ? நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார். அன்று எமக்கு உடனே விடை வரவில்லை. அவ்விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

"கலையைக் காசால் அளப்பதா?" என்று முகஞ் சுளிப்போர் நம்மிடையே உளர். அவர்களுட் பலர் மாதச் சம்பளமோ வெளிநாட்டுப் பணமோ தவறாது வரப்பெற்றவர்கள். நாட்கூலி பெறும் குடும்பத்துக்கோ மகளின் நான்கு வருடப் படிப்பென்பது நான்கு வருட உழைப்பின் இழப்பாகும். எனவே அத்தந்தையின் கேள்வி இழிவானதன்று. கணக்கைக் கணக்காகவே பார்ப்போம்.

இங்கிலாந்தில் இக்கணக்கைப் பொருளியலாளர் போட்டுப் பார்த்துள்ளனர். 2020இல் வெளியான ஓர் ஆய்வு, பட்டம் பெறுவோருள் ஏறக்குறைய ஐந்திலொருவர் பல்கலைக்கழகம் செல்லாதிருந்தால் பண வகையில் மேலான நிலையில் இருந்திருப்பர் என்றது. கலைத்துறைப் பட்டங்களை மிகக் குறைந்த வருவாய் தருவனவற்றுட் சேர்த்தது. ஆயின் அங்கே மாணவன் கட்டணத்தைக் கடனாகச் சுமக்கிறான். நமது நாட்டிலோ 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி இன்றும் நிலைத்திருக்கிறது. அரச பல்கலைக்கழகத்தில் இளமாணிப் பட்டத்துக்குக் கட்டணமில்லை. இங்கே மாணவர் கொடுக்கும் விலை காலமே: அனுமதிக்குக் காத்திருக்குங் காலம், படிக்குங் காலம், பின்னர் நியமனத்துக்குக் காத்திருக்குங் காலம்.

இக்கடைசிக் காத்திருப்பே கொடியது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத் தெருவோரத்தில் மாதக்கணக்காக அமர்ந்திருந்ததை நாம் கண்டோம். 2020இல் நாடு முழுவதும் ஐம்பதினாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்க்கும் திட்டம் வந்தபோது மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. இவர்கள் அனைவரும் நாடகம் படித்தவர்களல்லர். நோய் ஒரு பாடத்தினதன்று. பட்டதாரியை உருவாக்கிவிட்டு அவனுக்குரிய தொழிலை உருவாக்காத பொருளாதார அமைப்பினது.

நியமனம் கிடைத்தபின் நிலைமை என்ன? இலங்கை ஆசிரியர் சேவையிற் சேரும் பட்டதாரிக்கு, அவர் கணிதம் கற்றவராயினும் அரங்கியல் கற்றவராயினும், சம்பளத் திட்டம் ஒன்றே. வேற்றுமை பாடசாலை மணி அடித்த பின்னரே தொடங்குகிறது. கணித ஆசிரியர் ரியூசன் கொட்டிலுக்குப் போகிறார். அங்கே அவரது மாலைப்பொழுது பணமாகிறது. நாடக ஆசிரியரோ தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளை ஒத்திகை பார்க்க நிற்கிறார். அவரது மாலைப்பொழுதுக்கு விலையில்லை. பட்டத்தின் பெறுமதி என்று ஊர் பேசுவதிற் பெரும்பகுதி ரியூசன் சந்தையின் பெறுமதியே.

இன்னொரு சந்தையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆண்மகனின் பட்டம் சீதனப் பேச்சிலும் நிறுக்கப்படுகிறது. டாக்டருக்கும் எஞ்சினியருக்கும் உள்ள நிறை அரங்கியற் பட்டதாரிக்கு இல்லை. "அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம்" என்ற பழைய மனம் இன்னும் சாகவில்லை. "கூத்தாடி" என்னும் வசையும் சாகவில்லை. அவ்வசைக்குள் சாதி இருக்கிறது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இனி, கணக்கேட்டில் ஏறாத வரவைப் பார்ப்போம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை அடியொற்றி 1964இல் இராவணேசனை மேடையேற்றியபோது, படித்தோர் ஒதுக்கிய கலை பல்கலைக்கழக வாசலுக்குள் நுழைந்தது. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். 1985இல் அவரது மண் சுமந்த மேனியர் மேடையேறியபோது, போருக்குள் அகப்பட்டிருந்த மக்கள் தம் துயரைத் தாமே கண்டனர். பின்னாளில், பேச்சிழந்த பிள்ளைகளைப் பேச வைக்கவும் அரங்க விளையாட்டுக்கள் பயன்பட்டன. இவற்றை எந்தச் சம்பளப் பட்டியலில் எழுதுவது? பயன் சமுதாயம் முழுவதற்கும் போகிறது. செலவு மட்டும் ஒரு குடும்பத்தின் தலையில் விழுகிறது. முரண்பாடு இங்கேதான் உள்ளது.

ஆயினும் நாடகக் கல்வியாளரும் குறைக்கு விலக்கானவர் அல்லர். கூத்து இன்று பரீட்சைக் கேள்வியாகிவிட்டது. வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாடுகளைக் குறிப்பெடுத்து மனனஞ் செய்து புள்ளி பெறும் மாணவர், ஓர் இரவேனும் கூத்துக் களரியருகே விழித்திருந்ததில்லை. அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த அண்ணாவிமாரிடம் பட்டமில்லை. ஆகவே நியமனமுமில்லை, ஓய்வூதியமுமில்லை. அவர்களின் அறிவு நமக்குப் பாடமாகிறது. நமக்குச் சம்பளமும் ஆகிறது. அவர்களுக்கோ விழா மேடையில் ஒரு பொன்னாடை! பொன்னாடையை அடுப்பில் வைத்துச் சோறாக்க முடியுமா? பட்டத்தின் பண மதிப்பைப் பேசும் நாம், பட்டமில்லாதவனின் உழைப்பு மதிப்பையும் சேர்த்தே பேசவேண்டும்.

எனவே கேட்கவேண்டியது "இப்பட்டம் எவ்வளவு தரும்?" என்பது மட்டுமன்று, "இவ்வுழைப்புக்கு நாம் எவ்வளவு தரப்போகிறோம்?" என்பதுமாகும். நாடக ஆசிரியர் இல்லாத பாடசாலைகளுக்கு நியமனம் வேண்டும். அண்ணாவிமாருக்கு வருகை ஆசிரியர் என்ற நிலையும் அதற்குரிய கொடுப்பனவும் வேண்டும். ஒத்திகைக்குச் செலவாகும் நேரம் வேலை நேரமாகக் கணிக்கப்படவேண்டும். நாமும் இலவச அழைப்பிதழுக்குக் காத்திராது, நுழைவுச்சீட்டு வாங்கி நாடகம் பார்க்கப் பழகவேண்டும். இவை தருமமல்ல; கூலி.

அத்தந்தைக்கு நாம் பின்னர் சொன்ன விடை இதுதான்: "அண்ணை, மகள் படிக்கட்டும். பணம் பெருகும் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். நியமனம் வரச் சில வருஷம் செல்லும். அதுவரை கைக்கு ஒரு தொழிலும் பழகட்டும். ஆனால் இது சோறு போடாத படிப்பில்லை. சோறு போட மறுக்கிறது நாங்கள்தான்."

அவர் சிறிது நேரம் பேசாதிருந்து விண்ணப்பப் படிவத்தில் ஒப்பமிட்டார். அந்த ஒப்பத்துக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.