நனவிலியும் ஆழ்மனமும்: ஒரு கலைச்சொற் சிக்கல்

மனத்தில் நிகழ்ந்தும் மனத்துக்குரியவர் அறியாதிருக்கும் செயல்களைக் குறிக்கத் தமிழில் நனவிலி, ஆழ்மனம், அடிமனம், உள்மனம் ஆகிய சொற்கள் வழங்குகின்றன. மொழிபெயர்ப்பாளர் பலரும் இவற்றை ஒருபொருட் பன்மொழியாகவே கையாளுகின்றனர். அவ்வாறு கையாளுவதால் மூலநூலின் கருத்தே சில இடங்களில் மாறிவிடுகிறது.

ஆழ்கடல் என்பதைப் போல அமைந்த ஆழ்மனம் ஓர் இடத்தைச் சுட்டும் சொல். மேலே ஒரு மனமும் கீழே மற்றொரு மனமும் உண்டு என்ற எண்ணத்தை அது தருகிறது. பிராய்டு மறுத்தது இதனையே. மருத்துவரல்லாதார் உளப்பகுப்பாய்வு செய்யலாமா என்பது குறித்து 1926இல் வெளியிட்ட நூலில், நனவுக்குக் 'கீழ்' என்று பொருள்படும் சொல்லை அவர் ஏற்கவில்லை. அச்சொல் இடத்தைக் குறிக்கிறதா, நமக்குள் இயங்கும் இன்னொரு நனவைக் குறிக்கிறதா என்பது தெளிவாகவில்லை என்பது அவர் வாதம். இந்தியில் அசேதன், அவசேதன் என இரு சொற்கள் வேறுபடுத்தப்படுகின்றன. தமிழிலோ இரண்டிற்கும் ஆழ்மனம் என்றே எழுதிவிடுகிறோம். தன்முன்னேற்ற நூல்கள் பெருகியபின் விரும்பியதைத் தரும் ஆற்றல் என்ற பொருளும் இச்சொல்லில் ஏறிவிட்டது. உளப்பகுப்பாய்வு நூலில் இதனைக் காணும் வாசகர் அப்பொருளையும் உடன்கொண்டே படிப்பார்.

நனவிலி இவ்வகையில் மேலானது; எனினும் குறையற்றதன்று. நனவு என்பது பழந்தமிழில் கனவுக்கு மறுதலையான விழிப்புநிலை. திருக்குறளின் 'கனவுநிலை உரைத்தல்' அதிகாரத்தில் இப்பொருளே பயில்கிறது. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் எனச் சைவ சித்தாந்தம் கூறும் ஐந்தவத்தைகளிலும் அது ஒரு நிலையின் பெயரே. பிராய்டு கூறுவதோ விழித்திருக்கும்போதும் ஓயாது இயங்குவது. ஆகவே 'நனவிலி நனவிலும் இயங்குகிறது' என எழுத நேர்கிறது. பழம்பொருளை அறிந்தவருக்கு இது முரணாகவே ஒலிக்கும்.

ஈற்றையும் நோக்க வேண்டும். அறிவிலி, ஏதிலி என வரும் 'இலி' பெரும்பாலும் ஒன்றை இழந்த அல்லது பெறாத ஆளைச் சுட்டுவது. முடிவிலி போன்ற ஆக்கங்கள் விலக்கு. ஜெர்மன் மொழியில் மயங்கியவரைக் குறிக்கப் 'பெவுஸ்ட்லோஸ்' என்றும், அறியப்படாது நிகழ்வதைக் குறிக்க 'உன்பெவுஸ்ட்' என்றும் வெவ்வேறு சொற்கள் உள்ளன. முன்னதன் 'லோஸ்' நம் 'இலி'க்கு நிகர். அமைப்பளவில் பார்த்தால் நனவிலி, பிராய்டு ஆண்ட சொல்லைவிட மயக்கமுற்றவரைக் குறிக்கும் சொல்லுக்கே அணுக்கமானது. மருத்துவக் குறிப்பொன்றில் 'நனவிலி நோயாளி' என்று எழுதினால் என்ன பொருள்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

'உன்பெவுஸ்ட்' அடிப்படையில் அடைச்சொல்; அறிதல் வினையோடு உறவுடையது. நாமோ அதற்கு ஈடாகப் பெயர்ச்சொற்களையே தேடினோம். பேச்சுவழக்கு இங்கே நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 'என்னையறியாமல் சொல்லிவிட்டேன்' என்பவர் தமக்குள் இரண்டாவது மனம் ஒன்று இருப்பதாகக் கூறவில்லை.

கண்கள் தொலைவைக் கணிப்பதில் நாம் அறியாத அனுமானம் ஒன்று செயற்படுவதாக 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். இதனை 'ஆழ்மன அனுமானம்' என்று பெயர்த்தால், ஒடுக்கப்பட்ட ஆசைக்கும் கண்ணின் கணிப்புக்கும் வேறுபாடு இல்லாமற்போகும். இன்று அலுவலகப் பயிற்சிக் கையேடுகளில் இடம்பெறும், ஒருவர் தாம் அறியாமலே கொள்ளும் ஓரவஞ்சனை பற்றிய தொடருக்கும் இது பொருந்தும். 'ஆழ்மனச் சாய்வு' என்றால் அது வேரூன்றியது, மாற்றவொண்ணாதது என்ற தோற்றம் எழுகிறது. பொறுப்பைத் தட்டிக்கழிக்க வசதியான சொல்.

இத்தகைய இடங்களில் 'தானறியா' என்னும் அடையைப் பரிந்துரைக்கலாம். 'அறியா' என மட்டும் நின்றால் 'அறியாப் பிள்ளை' என்பதிற்போல அறியாதவரையே சுட்டிவிடும். 'தான்' எழுவாயாக முன்நிற்பின் அறியப்படாத பொருளே பெயராக அமையும்: தானறியா அனுமானம், தானறியாச் சாய்வு.

நனவிலியைக் கைவிட வேண்டும் என்பதன்று. 1915ஆம் ஆண்டுக் கட்டுரையில் பிராய்டு இச்சொல்லின் விவரணைப் பொருளையும் அமைப்புப் பொருளையும் பிரித்து, பின்னதற்குத் தனிச் சுருக்கக்குறி வகுத்தார். அவ்வமைப்புப் பொருளுக்கு நனவிலி நிலைபெற்றுவிட்டது. அங்கே அது தொடரட்டும். விவரணைப் பொருள் வரும் இடங்களில் தானறியா எனலாம். ஒரே பத்தியில் இரண்டும் அடுத்தடுத்து வரும்போதுதான் மொழிபெயர்ப்பாளருக்கு உண்மையான தொல்லை. ஆங்கில வாசகத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லே நிற்பதால், அதனை மட்டும் வைத்துக்கொண்டு பெயர்ப்பவர் ஒவ்வொரு முறையும் எப்பொருள் என்று தாமே முடிவுசெய்ய நேரும்.