ஒரு குடம் நீரும் ஊரார் செவியும்

ஊர் வகுத்த நெறியை மீறியவர் கொடுக்கும் விலை யாது? இவ்வினாவுக்கு ஜெயகாந்தன் இருமுறை விடை எழுதினார். முதல் விடை, 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை. இரண்டாவது, 1970-இல் நூலாகி, 1972-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’.

சிறுகதையில், மழை மாலையொன்றில் அறியாதவன் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்புகிறாள் ஒரு கல்லூரி மாணவி. தாய் அவள் தலையில் நீரை ஊற்றி, மனத்தில் மாசில்லை என்று தேற்றுகிறாள். அம்முடிவு வாசகரிடையே பெரும் எதிர்ப்பை எழுப்பியது. நாவலிலோ தாய் கனகம் அலறிவிடுகிறாள். அண்ணன் கணேசன் கங்காவை அடித்து விரட்டுகிறான்.

எதிர்ப்புக்கு அஞ்சி ஆசிரியர் பின்வாங்கினார் என்பார் உளர். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் அங்ஙனம் கூறார். நிகழ்ச்சி ஒன்றே, பெண்ணின் குற்றமின்மையும் ஒன்றே. வேறுபாடு அயலார் செவியில் இருக்கிறது. முதல் தாய் செய்தியை வீட்டுக்குள்ளேயே அடக்குகிறாள். ஆதலால் மகள் பிழைக்கிறாள். இரண்டாம் தாயின் அலறல் வெளியே கேட்கிறது. ஆதலால் மகள் அழிகிறாள். சமூகம் தண்டிப்பது செயலை அன்று, செயல் வெளிப்பட்டதையே என்னும் உண்மை இங்கே புலனாகின்றது. சிறுகதைத் தாயின் துணிவும் மறைப்பின் துணைகொண்டே வென்றது என்பதையும் நாம் மறத்தலாகாது.

கங்கா படித்து உத்தியோகம் பெறுகிறாள். படிக்கவைத்த வெங்கு மாமாவோ, அவள் ஒருவனுக்கு வைப்பாக வாழலாமேயன்றி மனைவியாக இயலாது என்கிறார். அவர் பார்வையும் தூயதன்று. அவள் அன்று கெடுத்த பிரபுவையே தேடிப் பிடிக்கிறாள். உடலுறவு இன்றியே அவனுடைய வைப்பு என்னும் பெயரைத் தானே ஏற்கிறாள். இஃது எதிர்ப்பா, பணிவா? இரண்டுமே. ஊரை எள்ளி நகையாட அவள் எடுத்த ஆயுதம் ஊர் வடித்துக் கொடுத்த சொல்தான். சம்பளம் அவளுக்குத் தனிவீடு தந்தது. வேறொரு பெயரைத் தரவில்லை.

இறுதியில் பிரபு விலக, கங்கா குடிக்குப் பழகுகிறாள். நாவலின் குறை இதுவே. ‘கெட்டவள் இப்படித்தான் முடிவாள்’ என்பாருக்கு இம்முடிவு வாய்ப்பளிக்கிறது. 1943-இல் வெளிவந்த ‘சாபவிமோசன’த்தில் புதுமைப்பித்தன் இவ்வாய்ப்பை அளிக்கவில்லை. சீதையைத் தீக்குளிக்க இராமன் கேட்டான் என்றறிந்து அகலிகை மீண்டும் கல்லாகும்போது, குற்றவாளிக் கூண்டில் நிற்பது அறமே, அவள் அல்லள்.

சீபீல்டு தோட்டத்து மண்ணில் எழுந்த நகரம் சுபாங் ஜெயா. லயத்து வீடுகளில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இன்றைய அடுக்குமாடியில் சுவர் தடித்திருக்கலாம், செவி மெலிந்ததா? இக்கதைகளை வகுப்பில் எடுத்துரைக்கும் ஆசிரியர், ‘அவள் தூயவளா?’ என்று மாணவரைக் கேட்க வேண்டா. ‘கேட்ட அயலார் என்ன செய்திருக்க வேண்டும்?’ என்று கேட்பாராக.