கையெழுத்தும் குணமும்

கையெழுத்தைக் கண்டு காதலரின் குணத்தைக் கணித்துவிடலாம் என்னும் நம்பிக்கை இன்றும் விலைபோகிறது. சாய்ந்த எழுத்து இளகிய மனமாம். அழுத்திய எழுத்து பிடிவாதமாம். 1948இல் அமெரிக்க உளவியலாளர் பேர்ட்ரம் போரர், பெரிதும் சோதிட நூலொன்றிலிருந்து தொகுத்த ஒரே குணவிவரணத்தைத் தம் மாணவர் 39 பேருக்கும் தனித்தனியே உரியதெனக் கொடுத்தார். அதன் பொருத்தத்துக்கு அவர்கள் அளித்த புள்ளி, 5க்குச் சராசரியாக 4.26! எவருக்கும் பொருந்தும் இத்தகைய பொதுமொழிகளே கணிப்போரின் மூலதனம்.

இளங்கோ இவர்களினும் தெளிந்தவர். மாதவி தாழைமடலில் செம்பஞ்சுக் குழம்பால் எழுதிய முதல் திருமுகத்தைக் கோவலன் ஏற்க மறுத்தான். கோசிகன் கொணர்ந்த ஓலையோ அவனை மாற்றியது. கூந்தல் பதிந்த இலச்சினை அவளை நினைவூட்டியது. அவள் தீதிலள் என உணர்த்தியது ஓலையின் பொருளே. அதே ஓலையைத் தன் பெற்றோருக்கும் அனுப்பினான். எழுத்து மாதவியுடையது, பொருள் அவர்களுக்கும் பொருந்தியது.

எழுத்தின் வடிவம் எதையேனும் காட்டுமாயின், எழுதியவருக்குக் கிடைத்த கல்வியையே காட்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களிற் பலர் புத்தளம், கற்பிட்டிப் பகுதி முகாம்களில் ஒதுங்கினர். அங்கே ஓலைக் கொட்டிலில், மடிமீது கொப்பி வைத்து எழுதப் பழகிய சிறுமியின் எழுத்து கோணலாயின், கோணல் யாருடையது? அதைக்கொண்டு அவள் மனத்தை எடைபோடுவது, வறுமையைக் குணக்கேடு என்னும் பழைய பொய்யின் புதிய வேடமே.

மணம் பேசுவோர் எழுத்தின் சாய்வை அளக்க வேண்டாம். எழுதியபடி நடப்பவரா என்று மட்டும் பார்க்கட்டும்.