பசித்த புழுவும் முட்டை அட்டையும்

படக்கதையை ஒட்டிக் குழந்தைகளுக்குக் கைவேலை என்று யார் பட்டியல் போட்டாலும் முதலில் வந்து நிற்பது எரிக் கார்லின் 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்'தான். 1969இல் வந்த புத்தகம். கூடவே முட்டை அட்டையும் வந்துவிடும். அமெரிக்காவில் முட்டை பன்னிரண்டு குழிப் பெட்டியில் விற்பதால் நீளவாக்கில் வெட்டினால் ஆறு குமிழ் கிடைக்கும். (நம்ம ஊரில் முப்பது முட்டைத் தட்டைத்தான் அறுக்கணும்.) பச்சை அடி, முன் குமிழுக்குச் சிவப்பு, ரெண்டு கண், ரெண்டு கொம்பு. புழு ரெடி.

இந்தப் புழுவைச் செய்யப் புத்தகத்தைப் படித்திருக்கவே வேண்டாம், மேலட்டையைப் பார்த்தால் போதும் என்பதுதான் என் குறை. வகுப்பில் இருபது பிள்ளைகள் செய்தால் இருபதும் ஒரே புழு. கோணலாக ஒட்டிய கண்ணை டீச்சரோ அம்மாவோ நேராக்கிவிடுவார்கள், போட்டோ எடுக்கணுமே! அந்தப் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை கதையைத் திரும்பச் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பெரும்பாலும் அது சுவரில் தொங்கப் போய்விடுகிறது.

அந்தப் புத்தகத்தின் உயிர் துளையில் இருக்கிறது. கார்ல் ஒருநாள் காகித அடுக்கில் பஞ்ச் மெஷினால் துளை போட்டுக்கொண்டிருந்தபோது புத்தகப்புழு ஞாபகம் வந்து தொடங்கிய கதை. வில்லி என்றொரு புழு என்றுதான் முதலில் யோசித்தார். கம்பளிப்புழுவாக்கலாமே என்றவர் பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ். அப்படியானால் கடைசியில் பட்டாம்பூச்சி வந்தாகணும். துளையும் வெவ்வேறு அகலப் பக்கங்களுமாக இருந்த புத்தகத்தை அமெரிக்காவில் கட்டுப்படியாகிற விலைக்கு அச்சடிக்க முடியாமல் ஜப்பானில் அடித்தார்கள். திங்கட்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய் ரெண்டு பேரிக்காய் என்று பக்கம் அகலமாகிக்கொண்டே போகும். எந்தக் குழந்தையும் முதல் வேலையாக விரலைத்தான் அந்தத் துளைக்குள் விடும்.

அப்போ கைவேலையும் துளைதானே? அகலம் கூடிக்கொண்டே போகிற ஐந்து காகிதம், பிள்ளைக்குப் பிடித்த தீனியின் படங்கள். மூன்று வயசுக்காரரால் பஞ்ச் மெஷினை அமுக்க முடியாது. கெட்டியாகப் பிசைந்த மாவின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் குத்தட்டும். ஷூ லேஸ்தான் புழு, நுனி விறைப்பாக இருப்பதால் சுலபமாக நுழையும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் தின்றது யார் என்பதில் குழந்தைக்குச் சந்தேகம் இருக்காது.

நிறத்திலும் இதே கதை. கார்ல் மெல்லிய டிஷ்யூ தாளில் தானே வண்ணம் தீட்டிக் காயவைத்து, பிறகு வெட்டி ஒட்டியவர். கடையில் விற்கிற கிட்டில் பச்சை வட்டங்கள் வெட்டியே வருகின்றன. எந்தப் பச்சை என்கிற யோசனை குழந்தைக்கு வராமலே வேலை முடிந்துவிடுகிறது.

லியோ லியோனியின் 'லிட்டில் ப்ளூ அண்ட் லிட்டில் யெல்லோ' (1959) படும் பாடு இன்னும் மோசம். ரயிலில் பேரக்குழந்தைகளைச் சமாளிக்க, 'லைஃப்' இதழின் பக்கத்தைக் கிழித்து அவர் சொன்ன கதை அது. நீலமும் மஞ்சளும் கட்டிப்பிடித்துப் பச்சையாகிவிடுகின்றன. உடனே பெயிண்டைக் கலக்கி, பச்சை வந்ததா, பாடம் முடிந்தது! கதை அங்கே முடியவில்லை சார். பச்சையாகிப்போன பிள்ளையை அப்பா அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. ரெண்டும் அழுது அழுது நீலத் துளியும் மஞ்சள் துளியுமாகக் கரைந்துதான் பழைய உருவுக்குத் திரும்புகின்றன. கலந்த பெயிண்ட் பிரியாது. அதனால் அந்த விளையாட்டில் கதையின் பாதி, அதுவும் குழந்தையின் நெஞ்சைப் பிடிக்கிற பாதி, நடக்கவே முடியாது. நீல செல்லோபேன் துண்டு ஒன்று, மஞ்சள் ஒன்று கொடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பச்சை, இழுத்தால் பழையபடி ரெண்டு. காசும் குறைவு.

எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' (1962) என்றால் நீலத்தாளில் பஞ்சு ஒட்டுகிறார்கள். பீட்டர் என்கிற கறுப்பினச் சிறுவன் பனி உருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், ராத்திரி தேடினால் பை காலி. இதற்குப் பஞ்சும் பசையும் எதற்கு? ஃபிரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்துப் பிள்ளையின் பையில் போட்டுவிட்டு விளையாட அனுப்பினால் போதும்.