தோளில் கிடக்கும் துண்டு

கைலியைக் கட்டிக்கொண்டு, மேலுக்குச் சட்டை இல்லாமல், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவனை யாரும் ஒழுக்கம் கெட்டவன் என்று சொல்வதில்லை. ராத்திரி அவன் படுத்திருந்ததும் அதே கைலியோடுதான். அதே கடைக்கு ஒரு பொம்பள நைட்டியோடு வந்து பால் வாங்கினால் மட்டும் பண்பாடு போச்சு, காலம் கெட்டுப்போச்சு என்கிறார்கள். இந்தப் பேச்சு யாருடைய பேச்சு என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல்காட்டு ஊர்களில் நைட்டி என்பது தூங்குவதற்கான உடுப்பு அல்ல, வேலைக்கான உடுப்பு. விடியுமுன்னே தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், அடுப்புப் பத்தவைப்பதும், ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடுவதும் அதில்தான். களையெடுக்கப் போனால் அதுக்கு மேலே புருசனோட பழைய முழுக்கைச் சட்டை ஒன்று ஏறிக்கொள்ளும். ஐப்பசி மழையில் கரிசல்மண் சேலைக் கரையைப் பிடித்து இழுக்கும். நைட்டி என்றால் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்துவிடலாம். சேலை, பாவாடை, ஜாக்கெட் என்று மூணு துணி அலசத் தண்ணிக்கு எங்கே போவது? இது ஒத்தைத் துணி. அளவெடுக்க டெய்லர் முன்னால் போய் நிற்க வேண்டாம். தவணைக்குத் துணி கொண்டுவருகிறவரிடம் வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஒட்டப்பிடாரம் பக்கத்துப் புதியம்புத்தூர் ரெடிமேட் துணிக்குப் பேர்போன ஊர். நம் கரிசல்மண்ணிலேயே தைத்து நம் கரிசல்மண்ணிலேயே உடுத்துகிற காலத்தில், இதை மேல்நாட்டு நாகரிகம் என்று திட்டுவதில் அர்த்தம் இல்லை.

'இரவு உடை' என்று சொல்வதே வசதியுள்ளவன் பார்வைதான். படுக்கைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, வெளியே போக ஒன்று என்று உடுப்பைப் பிரிக்க வேண்டுமானால் வீட்டுக்குள் அறைகள் வேண்டும்; வேலைக்கும் ஓய்வுக்கும் நடுவே ஒரு கோடு வேண்டும். காலனி வீட்டில் வாசல்தான் சமையல்கட்டு, தெருதான் முற்றம். ஊர்த்தெருவிலும் நைட்டி போடத்தான் செய்கிறார்கள். அங்கே காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது, மறைத்துவிடுகிறது. சுவர் இல்லாத குற்றத்துக்கு, "காலனிப் பொம்பளைக எல்லாம் நைட்டியோடவே அலையுதாளுக" என்று பேர் நமக்கு.

பேச்சு சில இடங்களில் சட்டமாகவும் ஆகியிருக்கிறது. 2014இல் நவி மும்பையின் கோத்திவலி கிராமத்தில் பெண்கள் மன்றமே பகலில் நைட்டி போட்டால் 500 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. 2018இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோக்கலப்பள்ளியில் ஊர்ப் பெரியவர்கள் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை நைட்டி கூடாது என்றார்கள். மீறினால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு. அபராதம் போடுகிற பஞ்சாயத்து நமக்குப் புதுசா என்ன?

1930 டிசம்பரில் நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆம்பளைகள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. ஹட்டன் தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதற்கும் முன்னால், தெற்குத் திருவிதாங்கூரில் பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல் நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசாணை வந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல் அணியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. துணி போட்டாலும் சாதி தெரிய வேண்டும் என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். சேலை கட்டும் விதத்திலும் நகையிலும் தீண்டாமையின் அடையாளம் இருக்கிறது, அதை விட்டொழியுங்கள் என்றார். பெண்கள் உடனே செய்தும் காட்டினார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால் நைட்டியின் முக்கியத்துவம் புரியும். கட்டுமுறையை வைத்துச் சாதி சொல்ல இதில் வழி இல்லை. எல்லாத் தெருவுக்கும் ஒரே பூப்போட்ட துணி, ஒரே தையல்.

அதனால்தானோ என்னவோ, அதுக்கு மேலே ஒரு துண்டு வந்து உட்கார்ந்துகொண்டது. நைட்டியோடு வாசல் தாண்டுகிற பெண்ணின் தோளில் ஒரு துண்டோ பழைய துப்பட்டாவோ கிடக்க வேண்டும். இல்லையென்றால் மாமியார் ஏசுவாள், எதிர்வீட்டுக்காரன் முறைப்பான். இந்தத் துண்டின் வரலாறு நமக்குத் தெரியும். நம் தாத்தாமார் ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டியிருந்தது. நம் பாட்டிமாருக்கு மேல்துணியே மறுக்கப்பட்டது. அன்று தோளில் போடாதே என்று உத்தரவு போட்டது எதுவோ, அதுதான் இன்று போடு என்கிறது. உத்தரவு போடும் உரிமை தன் கையில் இருக்க வேண்டும், அதுதான் அதற்குக் கணக்கு.

இதில் நம்மவர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. அமைப்பில் இருக்கிற தோழர்களே, "நம்ம பொம்பளைகள அவனுக கேவலமாப் பேசிரக் கூடாதுல்லா" என்று துண்டுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. தலித் பெண்ணின் உடம்பு மீது ஆதிக்க சாதியின் கண்ணும் கையும் எப்படி விழும் என்று அவளுக்குத் தெரியும். பல பேர் துண்டைப் போடுவதும் அதுக்காகத்தான். ஆனால் பார்க்கிறவனைத் திருத்த வக்கில்லாமல் பார்க்கப்படுகிறவளுக்குச் சட்டம் போடுவது, ஊர்ப் பஞ்சாயத்தின் வேலையைச் சேரிக்குள் நாமே செய்வதாகாதா?

எழுதுகிறவர்களுக்கும் ஒரு சொல். கரிசல் என்றதும் கண்டாங்கிச் சேலையும் பாம்படமும் போட்ட கிழவியைத்தான் அழகு என்று வரைகிறோம். நைட்டிக்கு மேலே ஆம்பளச் சட்டை மாட்டி, மிளகாய்ச் செடிக்கு நடுவே குனிந்து நிற்கிறவளும் கரிசல்தான்.

நைட்டியை விடுதலை என்று கொண்டாட நான் வரவில்லை. அது வேலையை லேசாக்கியிருக்கிறது, குறைக்கவில்லை. கூலியையும் கூட்டவில்லை. பஸ் ஏறி டவுனுக்குப் போகணும் என்றால் இன்னும் சேலைக்குத்தான் மாற வேண்டியிருக்கிறது. ஆனாலும் தனக்கு எது தோது என்று பார்த்து அவளே எடுத்துக்கொண்ட உடுப்பு அது. அதுக்கு மேலே துண்டு வேணுமா வேண்டாமா என்பதையும் அவளே சொல்லட்டும்.