பேசுவோர் இல்லாத மொழிக்கு ஓர் அகராதி

மொழிக்கு முதலில் வேண்டுவது மக்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசி வளர்த்த பின்னரே இலக்கண நூலார் வந்து விதி வகுக்கின்றனர். இவ்வொழுங்கு தலைகீழாய் அமைந்த மொழி ஒன்று உண்டு. அதன் பெயர் கிளிங்கன். 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்க அறிவியற் புனைவில் வரும் போர்க்குணம் மிக்க வேற்றுலகத்தாரின் மொழி அது. 1979ஆம் ஆண்டுப் படத்தில் ஒலித்த ஒரு சில சொற்களை அடிப்படையாகக் கொண்டு, 1984இல் வெளிவந்த மூன்றாம் படத்திற்காக மார்க் ஓக்ரண்ட் என்னும் மொழியியலறிஞர் அதனை முறையாக அமைத்தார். 1985இல் அவருடைய 'கிளிங்கன் அகராதி' வெளிவந்தது.

அந்நூலின் சிறப்பு அதன் சொற்பட்டியலில் இல்லை. முன்பகுதியில் உள்ள இலக்கணத்தில் இருக்கிறது. தமிழ் கற்றோர்க்கு அதில் பல இடங்கள் பழகிய வீதியைப் போலத் தோன்றும். வினைக்கும் பெயருக்கும் பின்னே விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வருகின்றன. நாவை மடித்து ஒலிக்கும் டகரமும் உண்டு. பன்மை விகுதியோ மூவகை: பேச வல்லவர்க்கு ஒன்று, உடலுறுப்புகளுக்கு ஒன்று, ஏனையவற்றுக்கு ஒன்று. நம் முன்னோர் மக்களை உயர்திணை என்று பிரித்தனர். ஓக்ரண்டோ மொழியுடைமையையே திணைக்கு எல்லையாக்கினார். நல்ல சிந்தனைதான். செயப்படுபொருள் முதலிலும் எழுவாய் இறுதியிலும் நிற்கும் வாக்கிய அமைப்பு, உலக மொழிகளில் அரிது என்பதற்காகவே தேர்ந்துகொள்ளப்பட்டது. 'வணக்கம்' என்பதற்குச் சொல்லே இல்லை. எதிர்ப்படுபவரிடம் 'உனக்கு என்ன வேண்டும்?' என்றுதான் கேட்க வேண்டும்.

ஷேக்ஸ்பியரைக் கிளிங்கன் மூலத்தில் படித்தால்தான் சுவை என்று 1991ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு பாத்திரம் நகைச்சுவையாகக் கூறுகிறது. 1992இல் பென்சில்வேனியாவில் தோன்றிய கிளிங்கன் மொழிக் கழகத்தார் அந்நகைச்சுவையை மெய்யாக்க முனைந்து, 1996இல் 'ஹாம்லெட்' நாடகத்தை முழுமையாக மொழிபெயர்த்து வெளியிட்டனர். உழைப்பு வியப்பூட்டுகிறது. எனினும் 'இருத்தல்' என்னும் வினை அம்மொழியில் இல்லை. எனவே இளவரசனின் புகழ்பெற்ற தனிமொழியில் 'தொடர்ந்து நிலைத்தல்' என்ற பொருளுடைய சொல் அவ்விடத்தை நிரப்புகிறது. இருப்பைப் பற்றிய ஐயம், உயிர் பிழைப்பதைப் பற்றிய கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. போர்வீரன் அப்படித்தான் கேட்பான். ஹாம்லெட் அப்படிக் கேட்கவில்லை.

விவிலியத்தை மொழிபெயர்க்கவும் 1990களில் சிலர் முயன்றனர். சொல்லுக்குச் சொல் மூலத்தைப் பின்பற்றுவதா, போர்வீரர் பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றுவதா என்று அவர்கள் இரு அணியாயினர். நம் மொழிபெயர்ப்பாளர் இன்றும் நடத்தும் வாதந்தான் இது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. நம் வாதத்தின் மறுகரையில் கேட்போர் இருக்கின்றனர். அங்கே ஒருவரும் இல்லை. 'கடவுளின் ஆட்டுக்குட்டி' என்பதைச் சீறும் விலங்காக மாற்றினால் பாடுகளின் வரலாறே பொருளிழக்கும். மாற்றாவிடினும் அதைக் கேட்டு மனந்திரும்பக் கிளிங்கர் எவரும் இல்லை. வாக்கு மனிதர் ஆனார் என்று அறிக்கையிடும் நமக்கு, உடலெடுக்காத மொழி ஒரு நுண்ணிய விளையாட்டாகவே தோன்றுகிறது. விளையாட்டு பாவமன்று. ஆண்டுக்கணக்கில் பயின்று இம்மொழியில் உரையாடுவோரை ஏளனம் செய்வோர், அவர்தம் பொறுமையில் பாதியேனும் தம் தாய்மொழி இலக்கணத்துக்குத் தந்ததுண்டா?

என் நெஞ்சைத் தொடுவது வேறொரு செய்தி. ஓக்ரண்ட் 1977இல் முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்டது முட்சுன் மொழியின் இலக்கணம். கலிபோர்னியாவின் சான் ஹுவான் பவுத்திஸ்தா மறைத்தளத்தைச் சூழ்ந்து வாழ்ந்த பழங்குடியினரின் மொழி அது. அங்கே 1808 முதல் பணியாற்றிய பிரான்சிஸ்கு சபைத் துறவி பெலிப்பே அரோயோ தெ லா குவெஸ்தா அதன் இலக்கணத்தையும் சொற்றொடர்களையும் எழுதிவைத்தார்; அவர் இறந்த பின் 1861இல் அவருடைய இலக்கணம் நியூயார்க்கில் அச்சேறியது. மொழியை ஏட்டில் காத்த அதே மறைத்தளங்களில்தான் நோயும் கட்டாய உழைப்பும் அம்மக்களை அழித்தன. திருச்சபையின் ஏட்டில் எழுதும்போது இதனை விட்டுவிட்டு எழுதலாகாது. அம்மொழியைச் சரளமாகப் பேசியவராக அறியப்பட்ட கடைசி மனிதர் அசென்சியோன் சொலோர்சானோ 1930இல் மறைந்தார். நோயுற்றிருந்த அம்மூதாட்டியிடம் ஜான் ஹாரிங்டன் என்னும் ஆய்வாளர் கேட்டெழுதிய குறிப்புகளும், துறவியின் ஏடுகளுமே ஓக்ரண்டின் ஆய்வுக்கு மூலங்கள். பேசுவோரை இழந்த மொழியின் இலக்கணத்தை எழுதிய கைதான், சில ஆண்டுகளில் பேசுவோர் என்றுமே இல்லாத மொழிக்கும் இலக்கணம் எழுதியது.

2018இல் 'டியோலிங்கோ' என்னும் மொழிப் பயிற்சிச் செயலியில் கிளிங்கனுக்கும் பாடங்கள் வந்துவிட்டன. முட்சுன் மரபினரோ 1990களிலிருந்து, மொழியியலாளர் துணையோடு அப்பழைய ஏடுகளைப் புரட்டித் தம் பாட்டிமாரின் சொற்களை ஒவ்வொன்றாக மீட்டு வருகின்றனர். அவர்களுடைய அகராதி 2016இல் வெளிவந்தது.